யார் வீட்டுப் பானையில் நொதித்தால் குற்றம்?

அமெரிக்க நகரங்களில் வீட்டிலேயே பீர் தயாரிப்போர் தமக்குள் நடத்தும் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் தம் வீட்டில் தயாரித்த ஒரே வகை பீரைப் பன்னிரண்டு புட்டிகளில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். கூடுகை முடிந்து வீடு திரும்பும்போது ஒவ்வொருவர் பெட்டியிலும் பன்னிரண்டு பேர் கையால் ஆன பன்னிரண்டு வகைகள் இருக்கும். காசு கைமாறுவதில்லை. புட்டியின் மூடியில் மையால் எழுதிய ஓர் எண்ணோ எழுத்தோ மட்டும் இருக்கும். பிறகு அவரவர் வீட்டில் அமர்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து குடித்து, குறை நிறைகளை எழுதி, தயாரித்தவருக்கு அனுப்புகிறார்கள்.

இதற்கான ஆயத்தம் வாரக்கணக்கில், சில வகைகளுக்கு மாதக்கணக்கில் நீள்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, ஏறத்தாழ 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து, மேலும் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். விரைவாக ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால் ஒன்றிரண்டு வாரங்களில் நொதித்து முடியும். புட்டியில் அடைக்கும்போது அளந்து சேர்க்கும் சிறிதளவு சர்க்கரைதான் பின்னர் நுரையைத் தருகிறது. அந்த அளவு மிகுந்தால் புட்டி வெடிக்கும். ஹாப்ஸ் மணம் தூக்கலான வகைகளைப் புதிதாகவே குடிக்க வேண்டும் என்பதால் அவற்றைக் கூடுகை நாளுக்கு நெருங்கியே தயாரிக்கிறார்கள். கறுத்துக் கனத்த வகைகள் பல மாதங்கள் கிடந்து பதமாக வேண்டும். ஒரு முறை தயாரிக்கும் அளவு பெரும்பாலும் 5 கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர். அது 50 புட்டிகளுக்குக் காணும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தானியத்தை முளைகட்டுவது, ஊறவைப்பது, நொதிக்கவிடுவது, அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்து சுவைப்பது ஆகிய இவை அனைத்தும் நம் மண்ணின் பழங்குடி மக்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருபவை. சங்கப் பாடல்களில் ‘தோப்பி’ என்றொரு சொல் வருகிறது. வீட்டில் நெல்லிலிருந்து ஆக்கிய கள்ளுக்கு அன்று வழங்கிய பெயர் அது. ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் சந்தால், முண்டா, ஹோ மக்கள் சோற்றோடு ‘ராணு’ எனப்படும் மூலிகை உருண்டையைக் கலந்து சில நாள் நொதிக்கவைத்து ‘ஹண்டியா’ ஆக்குகிறார்கள். ராணு செய்யும் வேலையும் கடையில் பொட்டலமாக விற்கும் ஈஸ்ட் செய்யும் வேலையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்றை உலகம் கைவினை என்கிறது. மற்றொன்றைத் தேடிக் காவல்துறை வண்டி வருகிறது. இந்த வேறுபாடு பானைக்குள் இருக்கும் பொருளால் வருவதா, பானையின் உரிமையாளரால் வருவதா என்பதே நாம் ஆராய வேண்டியது.

அமெரிக்காவிலும் வீட்டு பீர் நெடுங்காலம் குற்றமாகவே இருந்தது. 1920இல் நடைமுறைக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டது. அப்போது வீட்டில் திராட்சை மது தயாரிக்க அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப்போனது. அடுத்த 45 ஆண்டுகள் வீட்டில் பீர் தயாரித்த அனைவரும் சட்டப்படி குற்றவாளிகளே. ஆனால் அவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்? தயாரித்தவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள், பொறியாளர்கள், புறநகர் வீட்டுக்காரர்கள். அவர்கள் ஒளிந்துகொள்ளவில்லை. வகுப்பு நடத்தினார்கள், நூல் எழுதினார்கள், சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வயதுவந்த ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன் (சுமார் 378 லிட்டர்), இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை வரியின்றி, உரிமமின்றித் தயாரிக்கலாம்; விற்கக் கூடாது. போட்டிகளுக்கும் கூடுகைகளுக்கும் வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்லவும் விதிகளில் இடம் உண்டு.

மாநிலங்கள் தனித்தனியே அனுமதிக்க வேண்டியிருந்ததால் இது முழுமை பெற நாளாயிற்று. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் கடைசியாக இணங்கின. 2010இல் ஒரெகான் மாநிலத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. வீட்டு பீரை வீட்டில்தான் குடிக்க வேண்டும் என்று மாநிலச் சட்டத்துக்கு அதிகாரிகள் பொருள் கொண்டதால், மாநிலக் கண்காட்சியில் வழக்கமாக நடக்கும் போட்டி நின்றுபோனது. மறு ஆண்டே சட்டமன்றம் கூடிச் சட்டத்தைத் திருத்தியது. புட்டிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு பொழுதுபோக்குக்காகச் சட்டமன்றம் ஓராண்டுக்குள் அசைந்துகொடுத்ததை மாணவத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1970களின் இறுதியில் அந்நாட்டில் நூற்றுக்கும் குறைவான பீர் ஆலைகளே இருந்தன. இன்று 9,000க்கும் மேல். அவற்றை நிறுவியவர்களில் பலர் தம் வீட்டுச் சமையலறையில் தொடங்கியவர்கள். குற்றமாக இருந்த ஒரு செயல் பொழுதுபோக்காகி, பொழுதுபோக்கு முதலாகி, முதல் தலைமுறைச் சொத்தாகிவிட்டது. இந்தப் பயணத்தில் கறுப்பின மக்கள் எங்கே? ஆலை உரிமையாளர்களில் அவர்களின் பங்கு நூற்றுக்கு ஒருவரைத் தாண்டவில்லை என்பதை அத்துறையின் சங்கம் நடத்திய கணக்கெடுப்பே காட்டியது. வீட்டில் பீர் தயாரிக்கத் தொடங்கிப் பின்னர் நியூயார்க்கின் புரூக்ளின் ஆலையில் தலைமைத் தயாரிப்பாளராக உயர்ந்த காரெட் ஆலிவர் போன்றோர் விதிவிலக்குகள். கறுப்பினத்தவருக்கும் பிற ஒடுக்கப்பட்ட இனத்தவருக்கும் இத்துறையில் பயிற்சி உதவித்தொகை வழங்க ஓர் அறக்கட்டளையை அவர் 2020இல் நிறுவ வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடுகிறது.

கறுப்பின மக்களுக்கு இக்கலை தெரியாதா? வர்ஜீனியாவில் தாமஸ் ஜெபர்சனின் மாண்டிசெல்லோ பண்ணையில் பீட்டர் ஹெமிங்ஸ் என்ற சமையற்காரர் இருந்தார், ஜெபர்சனுக்கு அடிமைப்பட்டிருந்தவர். 1813இல் அங்கே வந்து தங்கிய ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் முளைகட்டும் முறையையும் பீர் தயாரிக்கும் முறையையும் கற்றார். பண்ணையில் பார்லி விளையாததால் கோதுமையையும் மக்காச்சோளத்தையும் கொண்டு தயாரித்தார். அந்த பீரின் புகழ் அண்டை அயலுக்குப் பரவியது. ஜேம்ஸ் மாடிசன் தம் ஆளை அனுப்பினால் பீட்டரிடம் தொழில் பழகலாம் என்று 1820இல் ஜெபர்சன் எழுதிய கடிதம் இருக்கிறது. பீட்டரின் அறிவுக்கூர்மையை அக்கடிதம் மெச்சுகிறது. மெச்சியவர் அவரை விடுவிக்கவில்லை. ஜெபர்சன் இறந்தபின் 1827இல் நடந்த ஏலத்தில் பீட்டர் ஹெமிங்ஸும் விற்பனைக்கு நிறுத்தப்பட்டார். உறவினர் ஒருவர் ஒரு டாலருக்கு அவரை வாங்கினார். பின்னர் அவர் தையல் தொழில் செய்து பிழைத்தார். பீரைக் குடிப்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததில்லை. அதன் பயன் தயாரித்தவருக்குச் சேருமா என்பதில்தான் தயக்கம். நம் ஊரில் இதற்கு ஒரு படி மேலே போய், குடிக்கும் குவளையையும் பிரித்தார்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதே கதை வெளிப்படையான அரசுக் கொள்கையாக நடந்தது. சோளத்தையும் மக்காச்சோள மாவையும் நொதிக்கவைத்து வீட்டில் பீர் தயாரிப்பது அங்கே கறுப்பினப் பெண்களின் வேலை. விருந்துக்கும் சடங்குக்கும் அது வேண்டும். நகரங்களுக்குப் பிழைக்க வந்த பெண்களுக்கு அதுவே பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஆயிற்று. 1908இல் நேட்டால் குடியேற்ற அரசு ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி டர்பன் நகராட்சி ஆப்பிரிக்க மக்களுக்கு பீர் தயாரித்து விற்கும் தனியுரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. நகராட்சியின் பீர் கூடங்களில் குடிக்கலாம். உன் தாய் வீட்டில் தயாரித்தால் காவலர் வந்து பானையை உடைப்பார். அந்த வருவாயைக் கொண்டே கறுப்பின மக்களை அடக்கியாளும் நிர்வாகத்தை நடத்தினார்கள். ஒடுக்குவதற்கான செலவை ஒடுக்கப்படுபவரின் குடியிலிருந்தே திரட்டிய இந்த ஏற்பாடு ‘டர்பன் முறை’ என்ற பெயரில் மற்ற நகரங்களுக்கும் பரவியது. 1959 ஜூனில் கேட்டோ மேனர் குடியிருப்புப் பெண்கள் கம்புகளோடு பீர் கூடங்களுக்குள் புகுந்து குடித்துக்கொண்டிருந்த ஆண்களை விரட்டினார்கள். 1976இல் சோவெட்டோ மாணவர்கள் எழுந்தபோது தீக்கிரையானவற்றில் பீர் கூடங்களும் இருந்தன. மதுவெறுப்பு மட்டுமே அந்தத் தீயை மூட்டவில்லை. அடித்தட்டுப் பெண்ணின் அடுப்பைப் பறித்து, அதே பொருளை அவள் கணவனுக்கு விற்றுக் காசு பார்த்த அரசின் மீதான கோபமும் அதில் இருந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 1878இல் பம்பாய், 1886இல் சென்னை என ஆங்கிலேய அரசு இயற்றிய ஆப்காரிச் சட்டங்கள் வீட்டுத் தயாரிப்பைக் கட்டுப்படுத்தின. மது அரசுக்கும் குத்தகைதாரருக்கும் வருவாய் தரும் சரக்காயிற்று. அரசமைப்பு அவையில் மதுவிலக்குக்கான நெறிமுறை விவாதத்துக்கு வந்தபோது, 1948 நவம்பரில் ஜெய்பால் சிங் முண்டா எழுந்து எதிர்த்தார். அரிசிக் கள் ஆதிவாசிகளின் வழிபாட்டோடு பிணைந்தது என்றும், கொட்டும் மழையில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடும் சந்தால் உழைப்பாளிக்கு அது இல்லாமல் நடவு நடவாது என்றும் வாதிட்டார். இந்த நெறிமுறைப்படி செயல்படுவதா, எப்போது செயல்படுவது என்பதெல்லாம் அரசுக்கும் பொதுமக்கள் கருத்துக்கும் விடப்பட்டவை என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கம் தந்தார். இன்றைய 47ஆம் உறுப்பு அவ்வாறே நிறைவேறியது. பின்னர் சில மாநிலங்கள் பழங்குடியினர் தம் வீட்டுப் பயன்பாட்டுக்குக் குறிப்பிட்ட அளவு தயாரிக்க விலக்கு அளித்தன. 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் பட்டியல் பகுதிகளில் மது தொடர்பான கட்டுப்பாட்டில் கிராம சபைக்கு அதிகாரம் தந்தது. காகிதத்தில் இவை நல்ல ஏற்பாடுகள்.

பீகார் வேறு திசையில் சென்றது. 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே வந்த சட்டம் மிகக் கடுமையானது. வெல்லமோ திராட்சையோ கலந்த பாத்திரம் வீட்டில் இருந்தால் அங்கே மது தயாரிக்கப்படுவதாகவே கருதலாம் என்றும், குடும்பத்தின் வயதுவந்தோர் அனைவரும் பொறுப்பாவார்கள் என்றும் அது சொன்னது. வெல்லம் கரைத்த பானை ஒன்று போதும். குற்றமின்மையை மெய்ப்பிக்கும் சுமை சாட்சிக்கும் வழக்கறிஞருக்கும் வழியற்ற கூலித் தொழிலாளியின் தலையில் விழுந்தது. குடித்ததற்காக அச்சட்டத்தின்கீழ் முதன்முதலில் தண்டனை பெற்றவர்கள் ஜெகானாபாத்தைச் சேர்ந்த முசகர் கூலித் தொழிலாளிகளான சகோதரர் இருவர். 2017இல் அவர்களுக்கு 5 ஆண்டுச் சிறையும் தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறைத் தரவுகளைத் தொகுத்து ஓர் ஆங்கில நாளிதழ் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாநில மக்கள்தொகையில் 16 விழுக்காடான பட்டியல் சாதியினர் கைதானவர்களில் 27 விழுக்காடாக இருந்தார்கள்.

சட்டம் பின்னர் தளர்த்தப்பட்டது. 2018இல் சில கடும் பிரிவுகள் நீங்கின. பிணை மனுக்கள் நீதிமன்றங்களில் குவிந்ததைச் சுட்டி, தொலைநோக்கின்றிச் சட்டமியற்றியதற்கு எடுத்துக்காட்டு என்று 2021 டிசம்பரில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா பேசினார். 2022இல் முதல்முறை குடித்துப் பிடிபடுவோர் அபராதம் கட்டி வெளியேற வழி செய்யப்பட்டது. அபராதம் கட்ட இயலாதவர் உள்ளே செல்ல வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் அடக்கம். பனையேறிக் கள் இறக்குவதை மரபுத் தொழிலாகக் கொண்ட பாசி சமூகம், பட்டியல் சாதிகளுள் ஒன்று. பிழைப்பு இழந்த அவர்களுக்கு நீரா விற்கலாம் என்று ஆறுதல் சொன்னார்கள். சூரியன் ஏறிய சற்று நேரத்தில் நீரா தானாகவே நொதிக்கத் தொடங்கிவிடும் என்பதைச் சட்டம் எழுதியவர்களிடம் எவரும் சொல்லவில்லை போலும்.

இதே காலத்தில் பெங்களூரு, மும்பை, புனே போன்ற பெருநகரங்களில் வீட்டு பீர் குழுக்கள் தோன்றின. அவர்களும் அமெரிக்க முறையில் கூடுகிறார்கள், புட்டிகளைப் பரிமாறுகிறார்கள். ஆங்கில நாளிதழ்களின் வார இறுதிப் பக்கங்கள் படத்தோடு எழுதுகின்றன. அவர்கள் மீது வழக்குப் போட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. அவர்கள் செய்வதில் தீங்கு எதுவும் நமக்குத் தென்படவில்லை. அளந்து, சுத்தம் பேணி, அளவோடு பகிர்கிறார்கள். அவர்களுக்குக் கிட்டியிருக்கும் அந்தக் கண்டுகொள்ளாமை ஏன் சேரிக்கும் மலைக்கும் கிட்டவில்லை என்பதே கேள்வி. பிறர் சமையலறையில் ஆன ஒன்றைத் தயங்காமல் வாங்கிக் குடிக்கும் அந்தக் கூடுகையில், ஒரு முசகர் பெண்ணின் பானையிலிருந்து நிரப்பிய புட்டியும் எண் மட்டும் எழுதப்பட்டு வைக்கப்படுமா என்றும் கேட்கத் தோன்றுகிறது.

நாம் குடியைப் போற்றவில்லை. குடியால் சிதைந்த குடும்பங்களை நம் தெருக்களில்தான் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். 1992இல் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்புப் போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்களில் தலித் பெண்கள் ஏராளம். ஆனால் அவர்கள் எதிர்த்தது அரசும் குத்தகைதாரரும் கைகோத்து ஊருக்குள் கொண்டுவந்து திணித்த சாராயத்தை. பாட்டி மூட்டிய பானையையும் குத்தகைதாரரின் கடையையும் அப்பெண்கள் குழப்பிக்கொண்டதில்லை.

சட்டம்தான் குழப்புகிறது. நொதித்தலும் வாலைவடித்தலும் வேறு வேறு. நொதித்த பானங்களில் சாராயச் சத்து குறைவு. உயிரைப் பறிக்கும் அளவுக்கு மெத்தனால் அவற்றில் உருவாவதில்லை. அமெரிக்கச் சட்டமும் இக்கோட்டைத் தெளிவாகவே போட்டது. பீரையும் திராட்சை மதுவையும் வீட்டுக்கு விட்டு, வாலைவடித்தலை வெளியே நிறுத்தியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது எவர் வீட்டுப் பானையிலும் நொதித்ததன்று. ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். மாண்டவர்களில் பலர் கருணாபுரத்துத் தலித் கூலித் தொழிலாளர்கள். அப்படியிருந்தும் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் நடக்கும் தேடுதல் வேட்டையில் மெத்தனால் வணிகரும் கள் இறக்கியவரும் ஒரே கணக்கில் எண்ணப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் ஆலை பீரை 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது, கள்ளுக்குத் தடை. டர்பனோடு இதை முழுமையாக ஒப்பிட முடியாது. இங்கே வாக்குரிமை இருக்கிறது, அடித்தட்டு மக்களுக்கான நலத்திட்டங்களுக்கும் அவ்வருவாய் போகிறது. ஆயினும் தயாரிப்பவர் கையிலிருந்து பறித்து, குடிப்பவர் கையில் விற்கும் முறை நமக்குப் பழகிய ஒன்றுதான்.

நம் கோரிக்கை எளியது. நொதித்த பானங்களைச் சட்டத்தில் தனி வகையாகப் பிரிக்க வேண்டும். வீட்டுப் பயன்பாட்டுக்கும் விற்பனையற்ற பகிர்வுக்கும் ஓர் அளவை வரையறுத்து, அந்த அளவுக்குள் கைது கூடாது என்று எழுத வேண்டும்; அந்த அளவு பெங்களூரு அடுக்ககத்துக்கும் கயா மாவட்டத்து முசகர் குடியிருப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பழங்குடியினருக்கு ஏற்கெனவே உள்ள விலக்குகளைக் காவல் நிலையங்களில் உள்ளூர் மொழியில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் கடந்த ஓராண்டில் பதிவான வழக்குகளை எடுத்துப் பாருங்கள். கைப்பற்றியது எத்தனை லிட்டர், நொதித்ததா வடித்ததா ஆலைச் சரக்கா, குற்றம் சாட்டப்பட்டவர் ஆணா பெண்ணா, எந்தத் தெருவைச் சேர்ந்தவர், பிணை கிடைக்க எத்தனை நாள் ஆயிற்று என்று ஐந்து பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கைகளில் பெரும்பாலானவை இணையத்திலேயே கிடைக்கின்றன. கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐந்தாறு மாவட்டங்களின் கணக்கு சேர்ந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கலாம்.